அங்குச்சாமி வாயில் கூசிய சின்னக்காளையின் பல்

சிறுமலைக்குக் கிழக்கே ஒத்தக்கரடு என்கிற ஊரில், புளி மண்டியில் முப்பத்தொன்பது வருஷமாக ருசி பார்த்துத் தரம் சொல்லிவந்த சின்னக்காளையின் பல்கூச்சம், ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அவர் வாயை விட்டு இறங்கி, ஏலக் கொட்டகையைக் குறுக்கே கடந்து, பதினொரு வருஷமாக அவர் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்த மச்சினன் அங்குச்சாமியின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது.

அது இறங்கிப் போனதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், நானூறு மூட்டை வரத்து வந்து கிடந்த அன்றைக்கு அதை நின்று வேடிக்கை பார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

ஒத்தக்கரட்டில் புளியை நாக்கால் தரம் பார்ப்பதில்லை. நாக்கு நேற்றுத் தின்ற கருவாட்டையும் முந்தாநாள் தின்ற அல்வாவையும் நினைத்துக்கொண்டே இருக்கும், அதற்கு ஞாபகம் அதிகம், நேர்மை குறைவு என்பது அந்த மண்டியின் தீர்மானமான எண்ணம். பல்தான் தரம் சொல்லும். ஒரு சுளையை முன்பல்லால் கடித்து, கடைவாய்க்குத் தள்ளி, பத்து எண்ணும் வரை அடக்கி வைத்தால் பல் எவ்வளவு கூசுகிறதோ அதுதான் அந்தக் குவியலின் தரம். கால் கூச்சம் என்றால் பாத்திரம் விளக்கத்தான் ஆகும். அரைக் கூச்சம் ரசத்துக்கு, முக்கால் கூச்சம் குழம்புக்கு, முழுக் கூச்சம் என்று சின்னக்காளை சொல்லிவிட்டால் அது அன்றைக்கே லாரி ஏறி வெளியூர் போய்விடும்.

மண்டிக்குப் புளி கொண்டுவரும் ஒரு சம்சாரியின் புளிப்பு இன்னொரு சம்சாரியின் குவியலில் ஒட்டிக்கொண்டால் அது பெரிய அநியாயம். அதனால் ஒவ்வொரு குவியலைக் கடித்த கையோடும், செங்கல் பொடியும் உமிக்கரியும் கலந்து வைத்திருக்கும் மண்சட்டியில் விரலை விட்டு, பல்லைக் கிறீச்சென்று சத்தம் வரத் தேய்த்துக் கொப்பளித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வாயைத் திறக்க வேண்டும் என்பது மண்டிச் சட்டம். பருவகாலத்தில் நாளைக்கு நாற்பது குவியல், நாற்பது தேய்ப்பு. முப்பத்தொன்பது வருஷம் அப்படித் தேய்த்ததில் சின்னக்காளையின் ஈறுகள் பயந்துபோய் மேலே மேலே ஒதுங்கிக்கொண்டன, பற்கள் வேர் தெரிய நின்றன, மார்கழிக் காற்று வாயில் பட்டால் உச்சந்தலை வரைக்கும் மின்னல் ஓடியது. பச்சைத் தண்ணீரை அவர் குடித்து இருபது வருஷம் இருக்கும். அதையெல்லாம் அவர் நோயென்று நினைக்கவில்லை. தராசுக்காரனுக்குத் தராசு எப்படியோ அப்படித் தனக்குக் கூச்சம் என்றுதான் நினைத்தார்.

அதற்கு மரியாதையும் இருந்தது. சித்திரை முதல் நாள், அந்தப் பருவத்தின் ஆகச் சிறந்த புளியில் கரட்டு மாரியம்மன் கோயில் வாசலில் புளியோதரை கிண்டுவார்கள். அண்டாவிலிருந்து எடுக்கும் முதல் கரண்டி, ஊர்த் தலைவருக்கும் இல்லை, பூசாரிக்கும் இல்லை, ருசி பார்க்கிறவர் இலைக்குத்தான் வரும். முப்பத்தொன்பது கரண்டி வாங்கியிருந்தார் சின்னக்காளை. இந்தச் சித்திரையில் நாற்பதாவது. அந்த ஒன்றுக்காகவே அவர் மாசியிலேயே வேட்டி துவைத்து வைத்திருந்தார்.

இனி அங்குச்சாமி. அவன் சின்னக்காளையின் மனைவி பெருமாயிக்குத் தம்பி, மண்டியில் மேடையேறி ஏலம் கூறுகிறவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தார்கள். பெருமாயி நடுவில் நின்றாள், சின்னக்காளை அவள் பக்கத்தில் நின்றார். "கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது, தள்ளினார், இன்னும் தள்ளினார், ஆல்பம் வந்தபோது படத்தின் இடது ஓரத்தில் அவருடைய இடது காது மட்டும் இருந்தது. காது மட்டும். கடுக்கனோடு. பத்தொன்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படத்தில், முப்பது பவுன் சீர் சுமந்து வந்த தாய்மாமன் வரிசையில் இருந்தவனெல்லாம் முழுசாக நிற்கிற படத்தில், பந்தியில் முறுக்குத் திருடியவன்கூட முழுசாக நிற்கிற படத்தில், வீட்டின் மூத்த மாப்பிள்ளை ஒரு காது. அன்றைக்கு ஆல்பத்தை மூடிவைத்தவர் அங்குச்சாமியோடு பேச்சையும் மூடிவைத்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டால் யாராவது சமாதானம் சொல்லிவிடுவார்கள் என்கிற பயம்தான். தினமும் மேடையில் அவன் தலை தெரிந்த உடனே இவர் பல்லைக் கடிக்க ஆரம்பிப்பார், ஏலம் முடியும் வரைக்கும் கடிப்பார், தூக்கத்திலும் கடிப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் பெருமாயி, எலி கதவைக் கொறிக்கிறது என்று நாலு தடவை கூண்டு வாங்கிவைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் குவியலைக் கடித்தார் சின்னக்காளை. பத்து எண்ணினார். ஒன்றுமில்லை. பல் பாறாங்கல்லாகக் கிடந்தது. மேடையில் அங்குச்சாமி, "சாமிமார்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தவன், "ஸ்ஸ்ஸ்" என்று கன்னத்தைப் பிடித்தான். சின்னக்காளை பொடியை அள்ளித் தேய்த்தார், அங்குச்சாமி குனிந்தான். பானைத் தண்ணீரில் கொப்பளித்தார், அங்குச்சாமி ஒற்றைக் காலில் நின்றான். பதினொரு வருஷமாக ஒருவனைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இதைக் கண்டுபிடிக்க மூன்றாவது குவியல் தேவைப்படவில்லை. மதியம் நேராகச் சந்தைமுக்கு ஜூஸ் கடைக்குப் போனார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு குச்சி ஐஸ் வாங்கினார். பச்சை நிறம். நக்கவில்லை, முன்பல்லால் கடித்தார். அங்கேயிருந்து இருநூறு அடி தள்ளி, மண்டிக் கொட்டகைக்குள்ளிருந்து, "யாத்தே!" என்று ஒரு அலறல் கேட்டது. புளியம்பழம் உலுக்கின மாதிரி அவருக்கு நெஞ்சுக்குள் என்னவெல்லாமோ பொலபொலவென்று விழுந்தது. இன்னொரு குச்சி வாங்கினார்.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துபோனது. ஒத்தக்கரட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆனால் எல்லாருக்கும் வேலை கூடிப்போனது. ஜூஸ் கடைக்காரர், "சின்னக்காளை அண்ணனுக்குச் சூடாக மட்டும்" என்று பலகை எழுதி மாட்டினார். கோயில் பூசாரி அவருக்குக் கொடுக்கும் தீர்த்தத்தை மட்டும் கற்பூரத் தட்டில் காட்டி வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தார். இளநீர்க்காரர், "அண்ணன் ஒரு இளநி வெட்டச் சொல்லுறாரு, நீ உக்காந்துக்க" என்று அங்குச்சாமிக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் அரிவாளை எடுத்தார். பேருந்து நடத்துநர், அங்குச்சாமி வண்டியில் ஏறினால் கம்பியோரம் நிற்கவிடாமல் இருக்கை கொடுத்தார், அலறலில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிடக் கூடாது என்று. கீழத்தெருவிலிருந்து ஒரு அம்மா பலகாரம் கட்டிக்கொண்டு வந்து, சின்னக்காளையைத் தனியாகக் கூப்பிட்டு, "எத்தனை வருசம் பேசாம இருந்தா இது கைகூடும்ணே?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

"எங்க நாத்தனாகிட்ட நான் பேசாம இப்பத்தான் ஒம்போது முடியுது" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே, நல்ல நம்பிக்கையோடு போனாள்.

வீட்டில் பெருமாயிதான் நிம்மதி இல்லாமல் அலைந்தாள்.

"அங்க என் தம்பி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடக்கான், நீங்க இங்க குச்சி ஐஸ் சூப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அறுபத்துமூணு வயசு."

"எனக்கு வெக்கையா இருக்கு."

"மாசிப் பனியில என்ன வெக்கை?"

"நெஞ்சு வெக்கை."

அவள் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பூட்டுப் போட ஏற்பாடு பண்ணினாள். அவர் பக்கத்துத் தெருக் குளிர்பெட்டிக்குப் போனார்.

அங்குச்சாமி மெல்ல மெல்லப் பழகிக்கொண்டான். வாயைச் சுற்றித் துண்டு கட்டினான். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் திடீரென்று முகத்தைச் சுளித்து, "மச்சான் மோர் குடிக்கிறாரு" என்பான். கொஞ்ச நேரம் கழித்து, "மோர் இல்ல, பானகம்" என்று திருத்துவான். காலையில் முதல் கொப்பளிப்பு வந்தால், "மச்சான் எந்திரிச்சிட்டாரு" என்று அவனும் எழுந்துகொள்வான். ஒரு நாள் ஒன்பது மணி வரைக்கும் பல் சும்மா இருக்கவே, பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டு, "மச்சானுக்கு மேலுக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டான். இதைப் பெருமாயி வந்து சின்னக்காளையிடம் சொன்னாள். அன்றைக்கு அவர் ஐஸ் வாங்கவில்லை. மறுநாள் வாங்கினார்.

ஆனால் மண்டியில் காரியம் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. கூச்சம் போன பிறகு சின்னக்காளைக்குத் தரம் தெரியவில்லை. நாக்கில் புளித்தது, ஆனால் நாக்கை நம்பி முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு குவியலுக்குக்கூட அவர் தரம் சொன்னதில்லை. அதனால் கடித்துவிட்டு, ஓரக்கண்ணால் மேடையைப் பார்ப்பார். அங்குச்சாமிக்கு ஒரு கண் மூடினால் அரை, இரண்டு கண் மூடினால் முக்கால், தோள் காதுவரைக்கும் ஏறினால் முழு. பார்த்துக்கொண்டு கம்பீரமாகத் தரம் சொல்வார். பத்து நாள் இது நன்றாகத்தான் நடந்தது. பதினோராவது நாள் விருதுநகர் வியாபாரி ஒருவர் தலையைத் திருப்பி, இவர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு வியாபாரிகள் எல்லாரும் சின்னக்காளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்குச்சாமியின் முகத்தையே பார்த்து நின்றார்கள்.

முகம் பொய் சொல்லாது என்று பெயர் வந்தது. ஈரோட்டிலிருந்து ஆள் வந்தார்கள், தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள். மண்டிச் சங்கம் மேடையை ஒரு அடி உயர்த்தி, அங்குச்சாமியின் தலைக்கு நேரே குழல்விளக்குப் போட்டது. கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று சின்னக்காளையின் மேசையைப் பின்னால் மூட்டை அடுக்குக்கு அந்தப் பக்கம் தள்ளிவைத்தது. "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே, இன்னும் கொஞ்சம்" என்று சங்கச் செயலாளர் சொன்னபோது சின்னக்காளைக்கு இடது காது சுட்டது.

"இனிமே தரம் சொல்லி உங்க தொண்டையைக் கெடுத்துக்க வேண்டாம்ணே. கடிச்சாப் போதும்" என்றார் செயலாளர்.

"அப்ப சித்திரைக் கரண்டி?"

செயலாளர் தரையைப் பார்த்தார். "அது ருசி பாக்கிறவருக்குண்ணே. இந்த வருசம் பாக்கிறது அங்குச்சாமிதான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நீங்க... அவருக்குக் கடிச்சுக் குடுக்கிறீங்க."

சின்னக்காளை வீட்டுக்கு வந்து குச்சி ஐஸ் எதுவும் கேட்கவில்லை. துவைத்து வைத்திருந்த வேட்டியை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடியும் மடித்துவைத்தார். அவனைப் பழிவாங்க என்று தன் கையில் வந்த ஆயுதம் அவனுக்கே கிரீடமாகிவிட்டது. படத்தில்தான் காதை மட்டும் விட்டுவைத்தான், மண்டியில் அதையும் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டான்.

"எனக்கு என் கூச்சம் வேணும்" என்றார் பெருமாயியிடம்.

"அவனுக்கும் அது வேண்டாமாம்" என்றாள் பெருமாயி. "நேத்துத்தான் பல் டாக்டரம்மாகிட்டப் போயிருக்கான். அந்தம்மா இவன் வாயைப் பாத்துட்டு, 'உங்க பல்லு நல்லாத்தான் இருக்கு, இந்தக் கூச்சம் உங்களுது இல்ல, யாருது?'ன்னு கேட்டுச்சாம். 'எங்க மச்சானுது'ன்னானாம். 'அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க, பல்லு இல்லாம நான் எதுல மருந்து போட?'ன்னு அனுப்பிருச்சு."

மறுநாள் மூன்று பேரும் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரே பேருந்தில்தான் போனார்கள், சின்னக்காளை முன்வாசலில் ஏறினார், அங்குச்சாமி பின்வாசலில். டாக்டர் ஜெசிந்தா முப்பது வயசுக்குள் இருக்கும் பெண், கறாரானவள். சீட்டில் "நோயாளி: சின்னக்காளை. கூசுகிறவர்: அங்குச்சாமி" என்று எழுதிக்கொண்டாள். சின்னக்காளையைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தாள், அங்குச்சாமியை எதிரே முக்காலியில் உட்காரவைத்தாள். ஒரு சின்னக் குழாயை இவர் பல்லுக்கு நேரே பிடித்துப் புஸ்ஸென்று காற்று விட்டாள்.

"ஸ்ஸ்" என்றான் அங்குச்சாமி.

"இது?"

"லேசா."

"இது?"

"யம்மாடி!"

அவள் ஒவ்வொரு பல்லாகக் குறித்துக்கொண்டாள். "ஒரே ஒரு பல்லு மட்டும் கூசுனா சொத்தையோ விரிசலோன்னு தேடணும். உங்களுக்கு வரிசையா எல்லாம் கூசுது. பல்லுக்கு மேல கெட்டியா ஒரு உறை இருக்கு பெரியவரே. புளிப்புப் பட்டா அது கொஞ்ச நேரம் இளகிப் போய் இருக்கும். வாயைச் சும்மா தண்ணியில கொப்பளிச்சிட்டு விட்டுட்டா, எச்சில் அதைத் திரும்பக் கெட்டியாக்கிரும். நீங்க இளகின நேரம் பாத்துச் செங்கல்லைப் போட்டு உரசியிருக்கீங்க. நாளைக்கு எத்தனை தடவை?"

"நாப்பது" என்றாள் பெருமாயி.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். "ஈறும் ஒதுங்கிருச்சு. வேர்ல கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி ஓட்டை இருக்கும், அது வழியா குளிர்ச்சி உள்ள நரம்பைத் தொடுது. அந்த ஓட்டையை அடைக்கிற பேஸ்ட்டு இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல, பேனா பிடிக்கிற மாதிரி பிடிச்சு, பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. தேய்ச்சதும் துப்பிட்டு விட்டுருங்க, தண்ணி விட்டு அலசிராதீங்க. ஒரே நாள்ல கேக்காது, சில வாரம் ஆகும். நானும் மேலே ஒரு மருந்து பூசி விடுறேன். அப்புறம் இது என்ன, கடைவாய்ப் பல்லெல்லாம் தட்டையாத் தேஞ்சிருக்கு? தூக்கத்தில பல்லைக் கடிக்கிறாரா?"

"முழிச்சிருக்கும்போதே கடிப்பாரு."

"எதுக்கு?"

பெருமாயி கணவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பதினொரு வருஷம் அவளும் ஊகித்து ஊகித்துப் பார்த்து, ஒரு நாள் பெட்டிக்குள் ஆல்பத்தைக் கண்டபோது அந்த ஒரு பக்கம் மட்டும் விரல் பட்டு விரல் பட்டு அழுக்கேறிக் கிடந்ததைப் பார்த்துப் புரிந்துவைத்திருந்தாள். "இவன் மக கல்யாணப் படத்தில இவர் காது மட்டும்தான் விழுந்துச்சு."

"எந்தக் காது?" என்றாள் டாக்டர், சீட்டில் எழுதிக்கொள்ள.

"இடது."

அங்குச்சாமி முக்காலியை விட்டு எழுந்தான். "இதுக்கா மச்சான்? இதுக்கா என்கூடப் பதினோரு வருசம் பேசல? நான் பந்தியில அப்பளம் போடலையோ, பாயசம் தீந்துபோச்சோன்னு சமையக்காரனை அடிக்கப் போயிருக்கேன்! தள்ளச் சொன்னது நானா? அது படம் எடுத்தவரு சொன்னது!"

"ஆ! ஆஆ!" என்றார் சின்னக்காளை. டாக்டரின் கண்ணாடிக் கரண்டியும் இரண்டு விரல்களும் வாய்க்குள் இருந்தன. எத்தனையோ வார்த்தைகளைப் பதினொரு வருஷமாக வடிகட்டித் தயார் பண்ணி வைத்திருந்தவருக்கு, சொல்ல வேண்டிய அந்த ஒரு நேரத்தில் வாய் திறந்து கிடந்தது, பேச வழியில்லை.

"சும்மா இருங்க. கையைக் கடிச்சிரப் போறீங்க" என்றாள் டாக்டர்.

"நான் அந்தப் படத்தைச் சரியாக்கூடப் பாக்கல மச்சான். அன்னைக்கு எனக்குக் கண்ணு முழுக்கத் தண்ணி. பொண்ணு போகுதேன்னு."

"ஆ" என்றார் சின்னக்காளை, கொஞ்சம் தணிவாக.

கரண்டி வெளியே வந்ததும் அவர் டாக்டரைப் பார்த்துத்தான் பேசினார், மச்சினனைப் பார்க்கவில்லை. "இந்தப் பல்லு அவன் பல்லு மாதிரி ஆயிருச்சு. அதுக்கு மருந்து போடணும்னா எனக்கு ஒரு படம் வேணும். முழுசா. அதே படம்."

"கூச்சத்தைத் திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேக்க வந்தோம்" என்றாள் பெருமாயி.

"எங்கிட்ட வர்றவங்க கூச்சம் போகணும்னுதான் கேப்பாங்க. நான் பல்லுக்குத்தான் டாக்டர். கூச்சம் யார் வாயில உக்காருதுங்கிறது உங்க குடும்ப விவகாரம். பேசித் தீத்துட்டு வாங்க, மருந்து பூசுறேன்" என்று டாக்டர் ஜெசிந்தா அடுத்த சீட்டைக் கூப்பிட்டாள்.

அதே படம் என்றால் அதே படம். ஊரார் இதையும் ஒரு காரியமாக எடுத்துச் செய்தார்கள். பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தைப் பிடித்தார்கள். இப்போது அதில் குளிர்சாதன வசதி வந்திருந்தது. அங்குச்சாமியின் மகள் திருப்பூரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து, பிள்ளைகளைப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு, முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு வெட்கப்பட்டு நின்றாள். மாப்பிள்ளைக்குப் பழைய சட்டை ஏறவில்லை, முன்பக்கம் மட்டும் போர்த்திப் பின்னால் ஊக்குக் குத்தினார்கள். இடையில் செத்துப்போன நாலு பேருக்கு அவரவர் நின்ற இடத்தில் இடைவெளி விட்டு நின்றார்கள், வேறு யாரும் அதில் காலை வைக்கவில்லை. முறுக்குத் திருடியவன் சொல்லாமலே வந்து தன் இடத்தில் நின்றான், கையில் முறுக்கும் இருந்தது. படம் எடுக்க அதே ஆள் வந்தார், முடி நரைத்து.

சின்னக்காளை நாற்பதாவது கரண்டிக்கென்று வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இடது ஓரத்தில் போய் நின்றார். எங்கே நின்றாரோ அங்கேதானே நிற்க வேண்டும். அங்குச்சாமி வரிசையை விட்டு இறங்கி வந்தான். ஏலம் கூற மேடையேறுவதற்கு முன்னால் இருபது வருஷம் மூட்டை தூக்கிய கை அது. மச்சானை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில், கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

"கல்யாண மாப்பிள்ளை எங்க நிக்க?" என்றார் படக்காரர்.

"அவர் கொஞ்சம் தள்ளிக்குவாரு" என்றான் அங்குச்சாமி.

படக்காரர் கண்ணைக் கருவியில் வைத்தார். "எல்லாரும் சிரிங்க. நடுவில நிக்கிற ஐயா, சிரிங்க. பல்லு தெரியணும்."

பதினொரு வருஷமாக அங்குச்சாமி வீட்டுக் காரியத்தில் சின்னக்காளை சிரித்ததில்லை. உதட்டுக்கே வழி மறந்துபோயிருந்தது. முதலில் ஒரு பக்கம் போனது, பிறகு மறுபக்கம் போனது, பிறகு தேய்ந்து வேர் தெரிந்த அத்தனை பல்லும் வரிசையாக வெளியே வந்தன. மேலே மாட்டியிருந்த குளிர்சாதனப் பெட்டி அப்போதுதான் ஊதியது. அந்தக் காற்று நேராக வந்து அவர் பல்லில் பட்டது. அங்குச்சாமி கன்னத்தைப் பிடிக்கக் கையை உயர்த்தினான், பிடிக்க ஒன்றுமில்லை. சின்னக்காளையின் வேட்டி முனை முதல் உச்சந்தலை வரைக்கும் மின்னல் ஓடியது. வந்துவிட்டது. சொந்தக் கூச்சம். இரண்டு கண்ணும் மூடி, மூக்கு சுருங்கி, இரண்டு தோளும் காதுக்கு ஏறி, "ஸ்ஸ்ஸ்" என்று அவர் மண்டபம் அதிரச் சீறிய அந்த நொடியில் வெளிச்சம் அடித்தது.

"நல்லா விழுந்திருக்கு" என்றார் படக்காரர். இன்னொன்று எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. பந்தி போட்டுவிட்டார்கள்.

படம் பெரிதாக்கி வந்தது. பத்தொன்பது பேரில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அங்குச்சாமி வாயெல்லாம் பல்லாக, பிறந்ததிலிருந்து ஒரு பல்லும் கூசாதவன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான், நட்டநடுவில் சின்னக்காளை இரண்டு காதும் முழுசாகத் தெரிய, முகம் காய்ந்த நெல்லிக்காயாகச் சுருங்கி நின்றார். மண்டிச் சங்கம் அதைச் சட்டம் போட்டு மேடைக்கு மேலே மாட்டியது. முழுக் கூச்சத்துக்கும் மேலே ஒரு தரம் அன்றிலிருந்து வந்தது, "படக் கூச்சம்" என்று. அவருடைய மேசை முன்னால் வந்தது. செங்கல் பொடிச் சட்டியை டாக்டர் சொன்னபடி எடுத்துவிட்டார்கள். ஒருத்தர் புளிப்பு இன்னொருத்தர் குவியலில் ஒட்டுமே என்று இரண்டு சம்சாரிகள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு செம்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும் என்று பெருமாயியே வந்து நின்று கொப்பளிக்கவைத்துக் காட்டினாள். காலையிலும் இரவிலும் அவர் கையில் மெத்துப் பிரஷ்ஷைக் கொடுத்துப் பக்கத்தில் நின்றாள். "அது என்ன, பாத்திரமா? மெதுவா!" என்று தெரு முழுக்கக் கேட்டது.

"மருந்துல கூச்சம் போயிட்டா நான் எதை வச்சுத் தரம் சொல்ல?" என்று ஒரு நாள் டாக்டரிடம் கேட்டார் சின்னக்காளை.

"நாக்கை வச்சு."

"அது பொய் சொல்லும்."

"முப்பத்தொம்பது வருசம் அதுக்கு நீங்க வேலையே குடுக்கல. குடுத்துப் பாருங்க."

குடுத்துப் பார்த்தார். வெளியே பல்லைக் கேட்பதுபோல் பத்து எண்ணிவிட்டு உள்ளே ரகசியமாக நாக்கைக் கேட்டார். இரண்டும் ஒரே தரத்தைச் சொன்ன அன்றைக்கு அவருக்கு நாக்கின்மேல் கோபம் வந்தது, இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்ததே என்று.

சித்திரை முதல் நாள் கரட்டு மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா இறங்கியது. சின்னக்காளை முதல் இலையில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் அங்குச்சாமி. பல் ஆஸ்பத்திரிப் பேச்சுக்குப் பிறகு இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள் என்றாலும், சின்னக்காளை அவனை இதுவரைக்கும் முறை வைத்துக் கூப்பிடவில்லை, "ஏப்பா" என்பதோடு சரி. படத்தில் தன்னை குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் கீழே இறக்கிவிட்டவன் அவன்தான் என்பதை அவர் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை.

நாற்பதாவது கரண்டி இலையில் விழுந்தது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஒரு கவளம் எடுத்துக் கடித்தார். பத்து எண்ணினார். நாக்கு ஒரு தரம் சொன்னது. பல் லேசாகத் தலையசைத்தது. இத்தனை வாரம் பேஸ்ட்டுப் பூசியதில் மின்னலெல்லாம் ஓய்ந்து, தூரத்தில் எங்கோ மழை பெய்கிற மாதிரி ஒரு சிணுங்கல்தான் மிச்சம். "முழு" என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் குலவையிட்டது. கையோடு, இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக யாரையும் பழிவாங்காமல், பானையிலிருந்து மொண்ட பச்சைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்து இலையில், "ஸ்ஸ்ஸ்" என்று கேட்டது.

அங்குச்சாமி இரண்டு கண்ணையும் மூடிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஊர் மொத்தமும் அப்படியே நின்றது. பரிமாறின கரண்டி அந்தரத்தில் நின்றது.

"உனக்கு என்ன இப்ப?" என்றார் சின்னக்காளை.

அங்குச்சாமி ஒரு கண்ணைத் திறந்தான். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான். கையை எடுத்தான். "ஒண்ணுமில்ல மச்சான்" என்றான் வெட்கத்தோடு. "நீங்க செம்பைத் தூக்கவும் பழக்கத்தில வந்திருச்சு."

சின்னக்காளை கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு திரும்பி, பின்வரிசையில் நின்ற பெருமாயியைப் பார்த்து, கோயில் வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி அதட்டினார்.

"நின்னு என்ன பாக்கிற? மாப்ளைக்கு வெந்நீர் கொண்டா!"